நிகிலனுக்குப் பசித்த நாள்

உறையூர் கடைவீதியில் ஒரு கறுப்பு நாய் பரணிதரனைத் துரத்தியபோது, ஊரின் மறுகோடியில் கே.கே. நகர் வீட்டில் கட்டிலில் படுத்திருந்த அவன் அண்ணன் மகன் நிகிலனுக்கு வியர்த்துக் கொட்டியது. இதயம் படபடவென்று அடித்தது. வாய் உலர்ந்தது. மேலே சுற்றும் மின்விசிறியைத் தவிர அவனைப் பயமுறுத்த அந்த அறையில் எதுவும் இல்லை. நாய் அலுத்துப்போய்த் திரும்பிய பிறகு பரணியின் சட்டைப் பையில் செல்பேசி ஒலித்தது.

"சித்தப்பா, நாயா?"

"நாய்தான்டா."

"கடிச்சிருச்சா?"

"இல்ல. அதுக்கும் வயசாச்சு, எனக்கும் வயசாச்சு. பாதி வழியிலயே ரெண்டு பேரும் சமாதானமாப் போயிட்டோம்."

நிகிலன் சிரித்தான். சிரிப்பு மட்டும் அவனுடைய சொந்தச் சிரிப்பு. மற்றபடி அவன் விடுகிற மூச்சும், இதயத்தின் துடிப்பும், வயிற்றின் அரைப்பும், தோலில் ஊறும் வியர்வையும் சித்தப்பாவிடம் வாங்கிய இரவல்.

மூன்று வருடத்துக்கு முன்னால் வந்த தண்டுக் காய்ச்சல் அந்த வீட்டில் இரண்டு பேரைப் பிடித்தது. பரணியின் அண்ணனைப் பத்தே நாளில் கொண்டுபோய்விட்டது. மகனை விட்டுவைத்தது, ஆனால் முழுதாக விடவில்லை. கிருமி போய்ச் சேர்ந்த இடம் மூளைக்குக் கீழே இருக்கும் மூளைத்தண்டு. படித்தது, பழகியது, பேசுவது எதுவும் நிகிலனுக்குப் போகவில்லை. கையை மெல்லத் தூக்குவான், ஊட்டினால் மென்று விழுங்குவான், சதுரங்கத்தில் சித்தப்பாவை ஏழே நகர்த்தலில் மடக்குவான். உடம்பு மட்டும் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ள மறந்துவிட்டது.

அப்போதுதான் டாக்டர் ஷமீமா பரணியை உட்கார வைத்து விளக்கினார். மோட்டார் வைண்டிங் கடை நடத்துகிறவனுக்கு மருத்துவம் எப்படிப் புரியும் என்ற யோசனை அவருக்கு இல்லை. அவருக்கு எல்லாவற்றையும் சாப்பாட்டோடு சேர்த்துச் சொல்லித்தான் பழக்கம்.

"கல்யாண வீட்டுப் பந்தியைப் பாத்திருக்கீங்கல்ல? சமைக்கறவர், பரிமாறுறவர், தண்ணி ஊத்தறவர், எச்சில் இலையைக் கொண்டுபோய்க் கொட்டறவர். ஒவ்வொருத்தரும் வேலை தெரிஞ்ச ஆளுங்கதான். ஆனா ஒருத்தர் என்ன பண்றார்னு இன்னொருத்தருக்குத் தெரியாது. நடுவுல ஒரு மனுசன் இடுப்புல துண்டைக் கட்டிக்கிட்டு, பந்தி உக்காந்தாச்சு, சோத்தை இறக்கு, அந்த வரிசைக்குத் தண்ணி போகலன்னு சத்தம் போட்டுக்கிட்டே ஓடுவார் பாருங்க, அவர்தான் மூளைத்தண்டு. நிகிலன் உடம்புல இதயம் நல்லாருக்கு. நுரையீரல், இரைப்பை, ஈரல், கணையம், சிறுநீரகம் எல்லாம் நல்லாருக்கு. சத்தம் போடற ஆள் மட்டும் இல்ல."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"உங்க வீட்டுல போடற சத்தத்தை ஒரு மைக் வச்சு அவங்க வீட்டுல கேக்க வைக்கப்போறோம்."

மைக் என்று அவர் சொன்னது கழுத்தில் கட்டும் ஒரு பட்டையை. பரணிக்கு ஒன்று, நிகிலனுக்கு ஒன்று. பரணியின் மூளைத்தண்டு தன் உடம்புக்கு இடுகிற கட்டளையெல்லாம் அப்படியே நிகிலனின் உடம்புக்கும் போய்ச் சேரும். பரணி மூச்சை இழுத்தால் அவனுக்கும் நெஞ்சு விரியும். இவன் ஓடினால் அவனுக்கும் இதயம் வேகமெடுக்கும். இவன் தூங்கினால் அவனும் தூங்குவான். இரத்த உறவாக இருக்கவேண்டும், உடம்பும் பொருந்தவேண்டும். பெற்றவள் சுகந்திக்குப் பொருந்தவில்லை. பரணிக்குப் பொருந்தியது.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க," என்றார் டாக்டர். "சாப்பாடு ரெண்டு பேருக்கும் ஒரே நேரம், ஒரே மாதிரி. அவன் வயித்துல சோறு இருக்குன்னு அவன் வயித்துக்கே தெரியாது. உங்க வயிறு சொல்றதுதான் அதுக்கு வேதவாக்கு. உங்க வீட்டுல பந்தி நடக்காத நேரத்துல அங்க பரிமாறினா, போட்டது போட்டபடி கெடக்கும். அப்புறம், மைக் ஒரு பக்கந்தான். அவனுக்கு என்ன ஆனாலும் உங்களுக்குத் தெரியாது."

இப்படி ஆனவர்களுக்கு ஊர் வைத்த பெயர் சுமைதாங்கி. ரோட்டோரத்துச் சுமைதாங்கிக் கல்லுக்காவது வழிப்போக்கன் சுமையை எடுத்துக்கொண்டு கிளம்பிப்போன பிறகு ஓய்வு உண்டு. பரணிக்கு அது கிடையாது. மது ஆகாது, சிகரெட் ஆகாது, கோபம் ஆகாது, மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டுவது ஆகாது. கடைசி ஓவர் வரைக்கும் இழுக்கிற கிரிக்கெட் ஆட்டம் அறவே ஆகாது. துறையூரிலிருந்து ஒரு பெண் வீட்டார் வந்து பார்த்தார்கள். எல்லாம் பிடித்துப்போய், கடைசியில் பெண்ணின் மாமா பரணியைத் தனியாக அழைத்துப்போய், "அந்த நேரத்துல அந்தப் பையனுக்கு எப்படி இருக்கும் மாப்ளே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பரணி அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டான். அதற்குப் பிறகு பெண் பார்ப்பதை நிறுத்தியாயிற்று.

இதையெல்லாம் கேலியாக எடுத்துக்கொள்ளத் தெரிந்ததால்தான் அவன் பிழைத்துக்கிடந்தான். பரணியின் வாய்க்குத் தப்பிய ஆளில்லை. சாமிகளும் தப்பியதில்லை. கோயில் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்வதுதான் தன் பக்தி என்பான்.

சாப்பாட்டு வேளைக்கு அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. பரணி கடையில் இருந்தால் சுகந்தி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவனுக்குப் போன் செய்வாள். "ஆரம்பிக்கலாமா தம்பி?" என்பாள். "ம், ஆரம்பிங்க அண்ணி" என்று அவன் டிபன் டப்பாவைத் திறப்பான். இங்கே முதல் கவளம், அங்கே முதல் கவளம். அவள் அதே குழம்பைத்தான் காலையில் அவனுக்கும் கட்டிக் கொடுத்திருப்பாள். மூன்று வருடத்தில் ஒருநாள் தவறியதில்லை.

தை மாதத்தில் நடந்த வருடாந்தரப் பரிசோதனையில் ஷமீமா வழக்கம்போலச் சிரித்துப் பேசவில்லை. பரணியின் இதய இரத்தக்குழாய் ஒன்றில் அடைப்பு ஆரம்பித்திருந்தது. மாத்திரை போட்டுக்கொண்டால் பத்துப் பதினைந்து வருடம் பயமில்லை என்றார்.

"அப்புறம்?" என்று கேட்டான் பரணி.

"எல்லாருக்கும் அப்புறம்னு ஒண்ணு இருக்குல்ல."

"எனக்குச் சரி டாக்டர். அவனுக்கு இருபது வயசுதான் ஆகுது."

அவர் மேசையில் இருந்த பேனாவை மூடினார், திறந்தார். நிகிலனின் மூளைத்தண்டு தானாக விழித்துக்கொள்ள ஒரு வாய்ப்பு உண்டா என்று பரணி கேட்டதற்கு, உலகத்தில் எங்கோ ஒருவர் இருவருக்கு விழித்திருக்கிறது என்றார். இவனுக்கு நடக்கும் என்று தன்னால் பொய் சொல்ல முடியாது என்றும் சொன்னார். பிறகு மனம் கேட்காமல் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்.

"அப்படி விழிச்சா முதல்ல சின்னச் சின்னதா வரும். நீங்க தும்மாதப்ப அவன் தும்முவான். உங்களுக்குப் பசிக்காதப்ப அவனுக்குப் பசிக்கும். அப்படி ஏதாவது பாத்தா எந்நேரமானாலும் கூப்பிடுங்க."

பரணி அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே வந்தான். தான் செத்தால் அதே நிமிடம் அவனும் சாவான் என்பது முதல் நாளே சொல்லப்பட்ட விஷயம்தான். ஆனால் தன் நெஞ்சுக்குள் அந்த நிமிடம் கிளம்பி வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு அது வேறு மாதிரி இருந்தது. அண்ணியிடம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னான். தும்மலையும் பசியையும் பற்றி டாக்டர் சொன்னதை மட்டும் சொல்லிவைத்தான்.

மாசி பாதி கடந்தது. ஊரெங்கும் மஞ்சள் துணி தெரிய ஆரம்பித்தது. சமயபுரத்தாள் பச்சைப் பட்டினி இருக்கும் காலம் அது. மற்ற ஊரில் பக்தர்கள் சாமிக்காகப் பட்டினி கிடப்பார்கள். சமயபுரத்தில் மாரியம்மன், தன் பிள்ளைகளுக்காகத் தானே பட்டினி கிடக்கிறாள். மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி பங்குனி முடிய அவளுக்குச் சமைத்த படையல் கிடையாது. பச்சரிசி மாவில் வெல்லம் கலந்த துள்ளுமாவு, பானகம், நீர்மோர், இளநீர், அவ்வளவுதான். அவளோடு சேர்ந்து திருச்சி சனத்தில் பாதிப்பேர் விரதம் இருப்பார்கள்.

சுகந்தியும் இருப்பதாகச் சொன்னாள். பரணி விடவில்லை. இருபது வயதுப் பிள்ளையைத் தூக்கி, திருப்பி, குளிப்பாட்டுகிறவள் அவள். பட்டினி கிடந்தால் இரண்டு பேரும் சேர்ந்து கீழே விழவேண்டியதுதான் என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்க ஆத்தா வருசா வருசம் டயட்ல இருக்கா அண்ணி. அவளுக்கு உடம்பு அழகாகணும். உங்களுக்கு எதுக்கு?" என்று சேர்த்துச் சொன்னான். நிகிலன் கட்டிலிலிருந்து சிரித்தான். சுகந்தி மஞ்சள் புடவையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

அந்த வாய்தான் ஒரு வாரம் கழித்து, பஸ்ஸில் சமயபுரத்தைக் கடக்கும்போது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தது. பரணிக்கு நம்பிக்கை வந்துவிடவில்லை. கேட்க வேண்டிய மனிதரையெல்லாம் கேட்டாயிற்று. மிச்சம் இருந்தவள் அவள் ஒருத்திதான். நீ இருக்கிற பட்டினியை நானும் இருக்கிறேன், அவன் உடம்பை அவனுக்கே கொடுத்துவிடு என்று கேட்டான். சொல்லி முடித்ததும் வெட்கமாக இருந்தது. பக்கத்தில் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

யாரிடமும் சொல்லவில்லை. மஞ்சள் கட்டவில்லை, காப்புக் கட்டவில்லை. சொன்னால் அண்ணி என்ன நினைப்பாள், நிகிலன் எத்தனை நாள் வைத்துக் கேலி செய்வான். கோடைக்குள் முடிக்கவேண்டிய மோட்டார்கள் குவிந்துகிடக்கின்றன என்று பொய் சொல்லி ராத்தங்கலையும் கடைக்கே மாற்றிக்கொண்டான். மூன்று வேளைச் சாப்பாட்டையும் பக்கத்து மெஸ்ஸில் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான்.

டாக்டர் சொன்னது மறந்துபோய் இதைச் செய்தான் என்று யாரும் நினைக்கவேண்டாம். நன்றாக ஞாபகம் வைத்திருந்தான். அதனால்தான் ஒரு வழியும் கண்டுபிடித்தான். அம்மனே பானகமும் துள்ளுமாவும் எடுத்துக்கொள்கிறாளே. அண்ணி போன் செய்து "ஆரம்பிக்கலாமா தம்பி?" என்றதும் அவன் ஒரு செம்புப் பானகத்தை எடுத்துக் குடிப்பான். தொண்டை விழுங்கும், வயிறு விழித்துக்கொள்ளும், அங்கே அவனுக்கும் வேலை நடக்கும். உள்ளே போனது சோறா பானகமா என்று வயிற்றுக்கு என்ன தெரியப்போகிறது என்பது அவன் கணக்கு.

வயிற்றுக்குத் தெரியும். சோற்றை மூன்று மணி நேரம் நின்று அரைக்கவேண்டும் என்றும், வெல்லத் தண்ணீரை அரைமணியில் கீழே தள்ளிவிட்டுப் படுத்துவிடலாம் என்றும் அதற்கு நன்றாகத் தெரியும். பரணியின் வயிறு சீக்கிரமே பந்தியை முடித்துவிட்டு விளக்கை அணைத்தது. நிகிலனின் வயிற்றில் இலையில் போட்டது பாதி அப்படியே இருந்தது.

முதல் வாரம் முடிவதற்குள் நிகிலனுக்கு அசதி வந்தது. சதுரங்கக் காயை நகர்த்திய கை பாதியில் விழுந்தது. இரத்தத்தில் சர்க்கரை தாறுமாறாக ஏறி நின்றது. ஷமீமா வீட்டுக்கு வந்து பார்த்தார். ஈரலும் கணையமும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, நோய் மெல்ல மேலே ஏறுகிறதோ என்று சந்தேகப்பட்டார். பரணிக்குப் போன் செய்து, சாப்பாடெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்றும் கேட்டார். நடக்கிறது என்றான் பரணி.

நிகிலன் மோசமாகிறான் என்று கேட்டதும் அவனுக்கு ஒன்றுதான் தோன்றியது. விரதம் போதவில்லை. அரைகுறையாக இருப்பதை அவள் ஏற்கவில்லை. மறுநாளிலிருந்து துள்ளுமாவை நிறுத்தினான். பானகத்தையும் நிறுத்தினான். வேளைக்கு ஒரு வாய் இளநீர் மட்டும். அவன் இறுக்க இறுக்க நிகிலன் இளைத்தான். நிகிலன் இளைக்க இளைக்க இவன் இன்னும் இறுக்கினான்.

பட்டினிக்கும் ஒரு பழக்கம் உண்டு. முதல் சில நாள் ஊரைக் கூட்டும்; அப்போதெல்லாம் பரணி பானகத்தாலும் துள்ளுமாவாலும் அதன் வாயை அடைத்துவந்தான். அப்புறம் ஒரு மூலையில் சுருண்டு படுத்துக்கொள்ளும். பரணிக்குப் பசி என்பதே விட்டுப்போயிருந்தது. வாயில் மட்டும் அழுகிய பழம் மாதிரி ஒரு வாடை.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். ஒரு மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். எதிரே இருக்கும் பரோட்டாக் கடையில் சாயங்கால வியாபாரத்துக்குச் சால்னா தாளித்தார்கள். சோம்பும் பட்டையும் எண்ணெயில் விழுந்த வாசனை ரோட்டைத் தாண்டி வந்தது. படுத்திருந்த பசி எழுந்து நின்றுவிட்டது. நாக்கில் எச்சில் ஊறியது. ஒரு வாய் தண்ணீர் குடித்து அதை அடக்கிவிட்டுத் திரும்பவும் கம்பியை எடுத்தபோது போன் வந்தது.

"தம்பி," என்றாள் சுகந்தி. குரல் உடைந்திருந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "புள்ளைக்குப் பசிக்குதாம். மதியச் சாப்பாடு ஊட்டி ரெண்டு மணி நேரங்கூட ஆகல. அம்மா பசிக்குது, கொலைப்பசியா இருக்குன்னு அவனே வாயால கேட்டான் தம்பி. நீங்களும் அப்பவே சாப்பிட்டாச்சுல்ல? அப்ப இது அவனோட பசிதானே? டாக்டரம்மா சொன்ன பசி இதுதானே?"

சால்னா வாசனை இன்னும் கடைக்குள் நின்றுகொண்டிருந்தது.

பரணிக்கு அந்த நிமிடமே தெரியும். தெரிந்ததைத் தெரியாததாக ஆக்கிக்கொள்ள அவனுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. தன் பசி எழுந்தது முன்னால், அடங்கியது முன்னால். இது அதற்குப் பின்னால் வந்தது. அப்படியென்றால் வேறுதானே? பட்டினி கிடப்பது எதற்காக? கேட்டது கிடைக்கும்போது இது அதுவல்ல என்று எவனாவது திருப்பிக் கொடுப்பானா?

சுகந்தி டாக்டரையும் அதே அழைப்பில் சேர்த்தாள். ஷமீமா பதற்றத்தை அடக்கிக்கொண்டு பேசுவது தெரிந்தது.

"பரணி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டீங்களா?"

அந்தப் பக்கத்தில் சுகந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவனுக்குக் கேட்டது. அவளுக்குப் பின்னால் நிகிலன், "சித்தப்பா, சும்மா பசி இல்ல, யானைப்பசி," என்றான்.

"சாப்பிட்டேன் டாக்டர்," என்றான் பரணி. "மெஸ்ல எக்ஸ்ட்ரா சாதம் வாங்கிச் சாப்பிட்டேன்."

"இப்பப் பசிக்குதா?"

"இல்ல."

டாக்டர், இது அவனுடைய சொந்தப் பசியாக இருந்தால் அவன் வயிறும் விழித்துக்கொண்டிருக்க வேண்டும், கேட்டால் கொடுக்கலாம் என்றார். நாளைக் காலையில் வந்து முழுதாகப் பார்ப்பதாகவும் சொன்னார். போனை வைக்கும்போது அவர் குரலும் சரியாக இல்லை.

சுகந்தி சமைத்தாள். முருங்கைக்காய்ச் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், நெய், அப்பளம். பரணியும் கேட்கட்டும் என்று போனைக் கட்டில் ஓரத்தில் திறந்தே வைத்தாள். நிகிலன் சாப்பிடுவதை அவன் கடையில் உட்கார்ந்து கேட்டான். இன்னொரு வாய், இன்னொரு வாய் என்று பிள்ளை கேட்கக் கேட்க அவள் ஊட்டினாள். எவ்வளவு போட்டாலும் பசி அடங்கவில்லை என்றான் நிகிலன். எப்படி அடங்கும்? பசித்திருந்த வயிறு உறையூரில் இருந்தது.

பரோட்டாக் கடை திறந்துதான் இருந்தது. ரோட்டைத் தாண்டிப்போய் இரண்டு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டிருந்தால் போதும். ஆனால் பலன் கொடுக்க ஆரம்பித்த விரதத்தைப் பாதியில் முறிக்க யாருக்கு மனம் வரும்? பரணி எழுந்திருக்கவில்லை. விசில் அடித்துக்கொண்டு கம்பி சுற்றினான். அண்ணன் போன பிறகு அவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்ததில்லை.

நிகிலன் களைத்துச் சாய்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து, விளக்கு வைக்கும் வேளையில், அரைபடாமல் கிடந்த சாப்பாடெல்லாம் மேலே ஏறி வந்தது. நம் எல்லோருக்கும் அப்படி ஏறினால் தொண்டையில் ஒரு சின்ன மூடி மூச்சுக்குழலைச் சட்டென்று அடைத்துக்கொள்ளும். தப்பி ஒரு பருக்கை போனாலும் இருமி வெளியே தள்ளிவிடுவோம். அதை அடை என்றும், இருமு என்றும் சொல்லவேண்டியது பரணியின் மூளைத்தண்டு. பரணியின் தொண்டையில் எதுவும் ஏறவில்லை. அவன் நிம்மதியாக மூச்சை உள்ளே இழுத்தான். அங்கே நிகிலனும் இழுத்தான்.

பரணிக்கு ஒன்றும் தெரியவில்லை. சுகந்தியின் அலறல் போனில் வந்த பிறகுதான் ஓடினான். அவன் ஓட ஓட, ஆம்புலன்ஸில் கிடந்த நிகிலனின் இதயமும் ஓடியது.

ஆஸ்பத்திரியில் ஷமீமா அவனை ஒரு தனி அறைக்குள் அழைத்துப்போய் உட்கார வைத்தார். நுரையீரல் முழுக்க நிறைந்துவிட்டது, மூளைக்குக் காற்றுப் போகாமல் நேரமாகிவிட்டது, இனி அங்கே நிகிலன் என்று யாரும் இல்லை என்றார்.

"நெஞ்சு அடிக்குதே டாக்டர். மானிட்டர்ல பாத்தேன்."

"அது நீங்க."

பரணி தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தான்.

"பட்டையைக் கழட்டணும் பரணி. சட்டப்படி நான் கழட்டக்கூடாது. நீங்கதான் கழட்டணும்."

கொக்கி பிடரியில் இருந்தது. மூன்று வருடமாகக் கழற்றாததால் இறுகியிருந்தது. விரல் இரண்டு மூன்று முறை வழுக்கியது. டாக்டர் உதவிக்குக் குனிந்தவர், அவன் வாயிலிருந்து வந்த காற்று முகத்தில் பட்டதும் அப்படியே நின்றார். அழுகிய பழம் மாதிரியான அந்த வாடை அவருக்குத் தெரியாமல் இருக்குமா? பல நாள் சோறு காணாமல் தன் கொழுப்பையே தின்கிற உடம்பின் வாடை அது. வெடித்திருந்த உதட்டைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார்.

"எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டார்.

பரணி மறுபடி கொக்கியை அழுத்தினான். கொக்கி கழன்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோடு நேராகப் போயிற்று. இவன் நெஞ்சு மட்டும் நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. அதன் மேல் அவனுக்கு வந்த வெறுப்புக்கு அளவே இல்லை.

வெளியே வரும்போது ஷமீமா, "நான் சொல்லமாட்டேன். சொல்லணும்னு தோணினா நீங்களே சொல்லிக்கங்க," என்றார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பிப்போனது. சுகந்தி தலைவாழை இலை போட்டு அவனைக் கூப்பிட்டாள். இத்தனை நாளும் அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை அவள் கவனித்திருந்தாள். துக்கம் என்று நினைத்துக்கொண்டாள். எதிரே கட்டில் இருந்த இடம் கழுவிவிட்டுக் காலியாக இருந்தது.

பொரியலை வைத்தவள் கையை எடுக்காமல் நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் தம்பி மனசுல கெடந்து அறுக்குது. மாசியில நான் விரதம் எடுக்கறேன்னு சொன்னேன்ல? எடுத்திருக்கணும். ஊருப் புள்ளைங்களுக்காக அவளே பட்டினி கெடக்கறா. பெத்தவ நான் மூணு வேளையும் தின்னுக்கிட்டுக் கெடந்தேன். அதான் அன்னிக்கு அவனுக்குப் பசியைக் குடுத்துக் காமிச்சுட்டு, புடுங்கிக்கிட்டா. என் புள்ளையை நான்தான் கொன்னுட்டேன்."

பரணி நிமிர்ந்தான். இதை மட்டும் அவன் எதிர்பார்க்கவில்லை. சொல்லாமல் சுமந்துகொண்டு போய்விடலாம் என்றுதான் இருந்தான். ஆனால் இந்தச் சுமை அவன் தோளில் இல்லாமல் அவள் தோளில் போய் உட்கார்ந்திருந்தது.

"அண்ணி, விரதம் நான் இருந்தேன்."

எல்லாவற்றையும் சொன்னான். பஸ் ஜன்னலில் நேர்ந்துகொண்டதை, பானகத்தை, இளநீரை, சால்னா வாசனையை, டாக்டரிடம் சொன்ன பொய்யை. அந்தப் பசி நிகிலனுடையது அல்ல, தன்னுடையது என்றான். கொன்றது தான்தான் என்றான். தலையைக் குனிந்துகொண்டு, அவள் இலையைத் தூக்கி எறிவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், எதுவானாலும் சரி என்று காத்திருந்தான்.

சுகந்தி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பிள்ளை போனதிலிருந்து முதல் முறையாக, அவள் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது.

"நீங்களா?" என்றாள். "சமயபுரத்தாளுக்கா? டயட்ல இருக்கான்னு சொன்ன வாயி இது."

"சத்தியமா அண்ணி. டாக்டரைக் கேட்டுப் பாருங்க."

"நீங்க சொல்லச் சொன்னா அவங்களும்தான் சொல்லுவாங்க. உங்க அண்ணனும் இப்படித்தான். நான் பால் பாத்திரத்தைக் கவுத்தாக்கூட எங்கம்மாகிட்ட தான்தான் கவுத்தேம்பாரு." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்காக இந்தப் பழியையும் எடுத்து உங்க தலையில போட்டுக்கணுமா? மூணு வருசம் அவனைச் சுமந்தது போதாதா தம்பி?"

பரணி இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். காட்டுவதற்கு அவனிடம் மஞ்சள் துணி இல்லை, காப்பு இல்லை, பார்த்தேன் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. அந்த விரதத்துக்கு இருந்த ஒரே சாட்சி நிகிலனின் வயிறு. அதை எரித்தாயிற்று.

"அடுத்த மாசியிலேர்ந்து வருசா வருசம் நான் இருக்கப்போறேன்," என்றாள் சுகந்தி. "அவளுக்குக் குறை வச்ச பாவம் அப்பவாவது தீருதான்னு பாக்கறேன். கேலி மட்டும் பண்ணிராதீங்க."

சோற்றைப் போட்டு, நடுவில் குழித்து, குழம்பை ஊற்றினாள். கரண்டியைக் கையில் பிடித்தபடி, பழக்கத்தில், கட்டில் இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"ஆரம்பிக்கலாமா தம்பி?"

"ம், ஆரம்பிங்க அண்ணி," என்று பரணி சோற்றில் கையை வைத்தான்.